ஒன்பதாயிரம் பேருக்கான நூலகம்

ஹேஸ்டன், ஜார்ஜியா
1911 மார்ச் 12

தங்கை ஆர்டெல்லாவுக்கு,

உன் கடிதம் வந்தது. ஹெட்டியும் நானும் சுகம். "வெள்ளைக்காரர்களின் நூலகத்துக்குச் செங்கல் அடுக்கத்தான் என் அண்ணன் பிறந்தானா?" என்று கேட்டிருக்கிறாய். அதை வாசித்துக் காட்டியதும் உன் அண்ணி, "உங்க தங்கச்சி பேனாவுல மை ஊத்துறாளா, மிளகாத்தண்ணி ஊத்துறாளா?" என்றாள்.

ஆமாம், செங்கல் வேலை முழுக்க என் பொறுப்பில்தான். காண்ட்ராக்டர் டென்னார்ட் முதலில் வெள்ளைக்காரக் கொத்தனார் மூன்று பேரை வைத்துப் பார்த்தார். முன்சுவர் வயிறு தள்ளிவிட்டது. இடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். இந்த ஊரில் எந்தக் கறுப்பனுக்கும் இவ்வளவு பெரிய கட்டடம் கைக்கு வந்ததில்லை. இதை நீ ஒரு வரியில் சிறுமையாக்கிவிட்டாய்.

நான் கண்ணை மூடிக்கொண்டு போகவில்லை. வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். கீழ்த்தளத்தில் ஓர் அறை இருக்கிறது. மேப்பிள் தெருப் பக்கம் அதற்குத் தனி வாசல். டென்னார்டே விரல் வைத்துக் காட்டினார். "இது உங்க ஆளுங்களுக்கு, சைலஸ். தனி வழி, தனி மேசை, தனி விளக்கு. சந்தோஷமா?" என்றார்.

பின்வாசல்தானே என்பாய். நாம் எந்த இடத்துக்கு முன்வாசல் வழியாகப் போயிருக்கிறோம்? உள்ளே போன பிறகு புத்தகம் புத்தகம்தான். வெள்ளைப் பிள்ளைகளுக்கு நடப்பது போல நம் பிள்ளைகளுக்கும் எட்டு மாதம் பள்ளிக்கூடம் வேண்டும் என்று நீ கேட்டாய். உன் ஆசிரியை வேலையைப் பிடுங்கிக்கொண்டார்கள். நீ வடக்கே போய்விட்டாய். பிள்ளைகளுக்கு இன்னும் ஐந்து மாதம்தான். நான் வாயை மூடிக்கொண்டு ஒரு வாசலாவது வாங்கியிருக்கிறேன்.

தயவுசெய்து இதில் தலையிடாதே.

உன் அண்ணன்,
சைலஸ் கெய்தர்


மெரிட்டன், ஓஹையோ
1911 மார்ச் 26

அண்ணனுக்கு,

போதகரின் மனைவி லுவீனியா அம்மா நம் ஊர்ச் செய்தித்தாளை அனுப்பியிருந்தார். அதில் மேயர் ப்ரூயிட் நியூயார்க்கில் இருக்கும் எஃகுச் சீமானின் அலுவலகத்துக்கு எழுதிய விண்ணப்பத்தை அப்படியே அச்சிட்டிருக்கிறார்கள். பெருமைக்காக. நீ படித்தாயா? அந்த அலுவலகம் ஊர்களுக்கு நூலகம் கட்டத் தலைக்கு இவ்வளவு என்றுதான் நன்கொடை தருகிறது. மேயர் எழுதியிருக்கும் தலைகள் ஒன்பதாயிரம். அதில் நாலாயிரம் நாம், அண்ணா. நீ, ஹெட்டி அண்ணி, சலவைக்காரக் கோரா அக்கா, போன மாதம் பிறந்த குழந்தை வரை. தலை எண்ணும்போது நாம் ஹேஸ்டன் மக்கள். வாசல் வைக்கும்போது மட்டும் "உங்க ஆளுங்க".

நான் இங்கே சொர்க்கத்தில் இருக்கிறேன் என்று நினைக்காதே. பதினொரு வருடம் பாடம் நடத்திய சான்றிதழைக் காட்டினேன். பள்ளிக்கூடத்தில் சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தார்கள். ஒரு ஹோட்டலின் சலவைக்கூடத்தில் சட்டை தேய்க்கிறேன். சனிக்கிழமைகளில் இங்கிருக்கும் நூலகத்துக்குப் போகிறேன். முன்வாசல் வழியாகத்தான். யாரும் தடுப்பதில்லை. மேசையில் இருக்கும் பெண் என் புத்தகத்தில் முத்திரை குத்திக் கொடுத்துவிட்டுக் கைக்குட்டையில் விரல்களைத் துடைத்துக்கொள்வாள். நான் போகும் ஒவ்வொரு தடவையும் துடைப்பாள். நானும் விடாமல் போகிறேன்.

நியூயார்க்குக்கு எழுதப்போகிறேன். எங்களையும் எண்ணித்தான் வாங்கினார்கள், எங்களையும் உள்ளே விடச் சொல்லுங்கள் என்று. உன் பெயரைச் சொல்லமாட்டேன். தடுக்காதே.

ஆர்டெல்லா


ஹேஸ்டன்
1911 ஜூன் 18

ஆர்டெல்லா,

தலையிடாதே என்றேன். எழுதினாய். இப்போது என்ன ஆயிற்று என்று கேட்டுக்கொள்.

நியூயார்க்காரர்கள் உன் கடிதத்தைப் படித்துவிட்டு மேயருக்கே அனுப்பிவிட்டார்கள். இது உள்ளூர் விஷயம், நாங்கள் தலையிடுவதில்லை என்று ஒரு சீட்டு வைத்து. அடியில் 'கெய்தர்' என்று உன் கையெழுத்து. மேயர் ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். இரண்டு கேள்வி கேட்டார், பதில் சொன்னேன், போகச் சொன்னார். அவ்வளவுதான்.

மறுநாள் டென்னார்ட் புது வரைபடத்தோடு வந்தார். கீழ்த்தள அறை நிலக்கரி போடும் அறையாகிவிட்டது. மேப்பிள் தெரு வாசலைக் காணோம். "அடைச்சிடு சைலஸ். இருக்கிறத வாங்கிக்க மாட்டோம்னு நீங்களே சொல்லிட்டீங்களே" என்றார்.

நானே அடைத்தேன். வேறு யார் கையிலும் கரணையைக் கொடுக்கவில்லை. அரை நாள் வேலை. செங்கல் வரிசை மாறவில்லை, கலவையின் நிறம் மாறவில்லை. இப்போது அங்கே வாசல் இருந்தது என்று எவனும் கண்டுபிடிக்க முடியாது. அவ்வளவு நன்றாகச் செய்தேன். வீட்டுக்கு வந்து சாப்பிட முடியவில்லை. ஹெட்டி சோள ரொட்டியை மூடி வைத்தாள்.

உனக்கு அங்கே முன்வாசல் இருக்கிறது. எங்களுக்கு இருந்த ஒரு பின்வாசலையும் உன் பேனா அடைத்துவிட்டது. இனியாவது சும்மா இரு.

சைலஸ்


மெரிட்டன்
1911 ஜூலை 2

திரு. சைலஸ் கெய்தர் அவர்களுக்கு,

மேயர் கேட்ட இரண்டு கேள்விகளும் எனக்குத் தெரியும். மேயர் அலுவலகத்தில் தரை துடைக்கிறவர் லுவீனியா அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பி என்பதை மறந்துவிட்டாய்.

"இத எழுதினவ உன் தங்கச்சியா?"

"இல்லீங்க ஐயா. கெய்தர்னு இந்தப் பக்கம் நிறையப் பேர் இருக்காங்க."

"உனக்குத் தங்கச்சி இருக்காளா இல்லையா?"

"இல்லீங்க ஐயா."

தொப்பியை எந்தக் கையில் பிடித்திருந்தாய் என்பது வரை லுவீனியா அம்மா எழுதியிருக்கிறார். உனக்கு எழுத்துக் கூட்டக் கற்றுக்கொடுத்தவள் நான். அப்போது உனக்கு இருபத்தெட்டு வயது, எனக்குப் பதினாறு. அன்றைக்கு நான் தங்கச்சியாக இருந்தேன். உனக்குத் தங்கை இல்லையென்றால் கடிதமும் வேண்டாம். தபால்தலையையாவது மிச்சப்படுத்து.

ஆர்டெல்லா கெய்தர்


ஹேஸ்டன்
1912 நவம்பர் 10

ஆர்டெல்லாவுக்கு,

பதினாறு மாதம் ஆயிற்று. நான் அனுப்பிய மூன்று கடிதங்களும் பிரிக்காமல் திரும்பி வந்தன. இதைப் போதகரின் மனைவியின் உறையில் வைத்து அனுப்புகிறேன். ஏமாற்றுத்தான். மன்னித்துக்கொள்.

சொன்னேன். மேயர் முன்னால் அப்படித்தான் சொன்னேன். என் கீழே ஆறு பேர் வேலை செய்தார்கள். அதற்கு முந்தின ஆண்டு பக்கத்து ஊரில் எதிர்த்துப் பேசியவனின் வீட்டை என்ன செய்தார்கள் என்று உனக்கே தெரியும். ஆனால் இந்தக் காரணமெல்லாம் அங்கிருந்து வெளியே வந்த பிறகு யோசித்தவை. உள்ளே நின்றபோது வாய் தானாகச் சொல்லிவிட்டது. அதுதான் உண்மை.

மே மாதம் திறப்பு விழா நடந்தது. முன்னால் கயிறு கட்டியிருந்தார்கள். நாங்கள் எதிர்ப்பக்கம் கோவேறு கழுதை வண்டிகளோடு நின்றோம். நீதிபதி ஒருவர் ஹேஸ்டனின் ஒன்பதாயிரம் மக்கள் சார்பில் நன்றி என்றார். என் பக்கத்தில் நின்ற கோரா டாலிவர், "நம்ம நன்றியையும் சேர்த்தே சொல்லிட்டாரு பாருங்க, நமக்கு வாய் வலிக்காம" என்றாள். சிரித்தோம். சிரிக்காமல் என்ன செய்வது? ஆகஸ்டில் மழை ஒழுகுகிறது என்று என்னை உள்ளே கூப்பிட்டார்கள். நான் கட்டிய தளத்தில் என் செருப்புக் கால் படாமல் இருக்க, வாசலிலிருந்து ஒழுகும் மூலை வரை நூலகத்து அம்மா பழைய செய்தித்தாளை விரித்து வைத்திருந்தாள்.

அன்றைக்குத்தான் நீ சொன்னது எனக்கு உறைத்தது.

இப்போது விஷயம். நம் நான்கு சபைகளின் போதகர்களும் சேர்ந்து நியூயார்க்குக்கு எழுதினார்கள். நமக்கென்று தனியாகச் சின்ன நூலகம் கட்ட நன்கொடை தருகிறார்களாம். நகரசபை ஆண்டுச் செலவை ஏற்கவேண்டும், நிலத்தை நாம் தரவேண்டும். எல்ம் தெரு மூலையில் அம்மா வாங்கிப் போட்ட மனைதான் பொருத்தமாக இருக்கிறது. பாதி என்னுடையது. பாதி உன்னுடையது.

உன் கையெழுத்து வேண்டும்.

சைலஸ்


மெரிட்டன்
1912 டிசம்பர் 1

அண்ணனுக்கு,

முடியாது.

ஒரு தடவை நம் தலைகளை எண்ணி வாங்கிக்கொண்டார்கள். அதில் கட்டியதில் நமக்கு இடமில்லை. இப்போது நமக்கு வேண்டுமானால் நம் நிலத்தையும் கொடுக்கவேண்டும். நிலம் கொடுத்துக் கட்டியபின் என்ன சொல்வார்கள்? உங்களுக்குத்தான் தனியாக இருக்கிறதே, இங்கே ஏன் வருகிறீர்கள் என்பார்கள். நாளைக்கு உன் பேரப்பிள்ளை அந்தப் பெரிய வாசலில் ஏறினாலும் இதைத்தான் சொல்லித் துரத்துவார்கள். வெளியே நிற்பதற்கு நாமே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கச் சொல்கிறாய்.

உன் காலுக்கு விரித்த செய்தித்தாளைப் பற்றிப் படித்தேன். இரண்டு தடவை படித்தேன். உன்மேல் இருந்த கோபம் அந்த இடத்தில் கொஞ்சம் நின்றது. கையெழுத்து வேறு விஷயம்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

ஆர்டெல்லா


ஹேஸ்டன்
1913 ஜனவரி 19

ஆர்டெல்லாவுக்கு,

நீ சொல்வது சரி. ஆனால் நீ இங்கே விட்டுப்போன ஐந்தாம் வகுப்பு இப்போது வளர்ந்துவிட்டது. உன்னிடம் படித்த அந்த லீத்தா இருக்கிறாளே, வெள்ளைக்கார வீட்டில் சமையல் செய்கிறாள். அடுப்புக்குப் போடும் பழைய பத்திரிகைகளை மடித்துப் பாவாடைக்குள் வைத்து எடுத்துவந்து படிக்கிறாள். போன வாரம் பிடிபட்டுவிட்டாள். திருட்டு என்று சொல்லி வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். அவளிடம் போய், உன் பேத்திக்குப் பெரிய வாசல் கிடைக்கும்வரை பொறுத்திரு என்று என்னால் சொல்ல முடியாது. நீயே வந்து சொல்.

இன்னொன்று. நூலகக் குழுவில் நேற்று பேசினோம். ஏழு பேர். நூலகம் வந்தால் அதை நடத்த நீதான் வரவேண்டும் என்று ஏழு பேரும் சொன்னார்கள். போதகர் அம்ப்ரோஸ், "ஆர்டெல்லாவ விட்டா இந்த ஊர்ல வேற யாரு இருக்கா?" என்றார். சட்டை தேய்த்தது போதும். வந்துவிடு.

சைலஸ்


மெரிட்டன்
1913 பிப்ரவரி 9

அண்ணா,

பத்திரம் உள்ளே இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டேன். லீத்தாவுக்காகப் போட்டேன் என்று எழுத நினைத்தேன். பொய் எழுதப் பிடிக்கவில்லை. உன் கடிதத்தின் கடைசிப் பத்திக்காகத்தான் போட்டேன்.

கைக்குட்டைக்காரியிடம் போன சனிக்கிழமை, புத்தகங்களை வகைபிரித்து அடுக்கும் முறைக்கு ஏதாவது கையேடு உண்டா என்று கேட்டேன். "உனக்கு எதுக்கு அது?" என்றாள். "எங்க ஊர் நூலகத்த நான் நடத்தப் போறேன்" என்றேன். முதல் தடவையாக என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். எடுத்துக் கொடுத்தாள். விரல் துடைக்க மறந்துவிட்டாள்.

அலமாரிகள் பிள்ளைகளுக்கு எட்டும் உயரத்தில் இருக்கட்டும். சட்டப் புத்தகங்களுக்கு ஒரு தனித் தட்டு வை. நம் ஆட்களுக்கு முதலில் தேவைப்படுவது அதுதான். சன்னல்களை வடக்குப் பார்த்து வை, வெயில் அட்டைகளைத் தின்றுவிடும்.

டெல்லா


ஹேஸ்டன்
1914 செப்டம்பர் 6

டெல்லா,

கட்டடம் முடிந்துவிட்டது. நீ சொன்ன உயரம், நீ சொன்ன பக்கம் சன்னல். இதை நான் நல்லபடியாகக் கட்டினேன். இதற்கு மேல் நல்ல செய்தி இல்லை. உனக்கு வேறு யாரும் எழுதுவதற்கு முன் நானே எழுதுகிறேன்.

நகரசபையிலிருந்து செயலாளர் வந்தார். போதகர் வீட்டில் குழு கூடியிருந்தது. உட்காரக்கூட இல்லை. "ஆண்டுச் செலவுக்கு மேயர் கையெழுத்துப் போடுவார். ஒரே நிபந்தனைதான். யார வேணும்னாலும் வெச்சுக்குங்க, நியூயார்க்குக்குக் கடிதம் எழுதினவ மட்டும் வேணாம்" என்றார். அந்தக் கடிதத்தை மூன்று ஆண்டுகளாகப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். கொண்டுவந்திருந்தார்.

அவர் போனார். பிறகு போதகர், "கட்டடத்த சாத்தி வெச்சா பிள்ளைங்களுக்கு என்ன லாபம்?" என்றார். தன் தம்பி மகள் பேர்ல் பெயரைச் சொன்னார். பத்தொன்பது வயது. நல்ல பெண், நன்றாகப் பாடுவாள். கை தூக்கச் சொன்னார்கள். மூன்று பேர் தூக்கினார்கள். மூன்று பேர் தூக்கவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

தூக்கினேன்.

நான் தூக்காமல் இருந்திருந்தால் கட்டடம் பூட்டிக் கிடந்திருக்கும். அல்லது கிடந்திருக்காது, மேயர் இறங்கி வந்திருப்பார். தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள நான் விடவில்லை.

சைலஸ்


மெரிட்டன்
1914 செப்டம்பர் 20

ஹோட்டலில் வேலையை விட்டு நின்றுவிட்டேன். அறையையும் காலி செய்துவிட்டேன். உன் கடிதம் வரும்போது பெட்டி கட்டியிருந்தது. இது உனக்குத் தெரியட்டும்.

ஆ. கெய்தர்


ஹேஸ்டன்
1914 நவம்பர் 8

டெல்லா,

பதில் எதிர்பார்த்து எழுதவில்லை. ஒரு வேலையாக எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை நூலகத்தைத் திறந்தோம். காலையிலேயே நாற்பது ஐம்பது பேர் வரிசையில் நின்றார்கள். நிறையப் பேர் ஞாயிற்றுக்கிழமை உடுப்பில் வந்திருந்தார்கள். உள்ளே அறுநூறு புத்தகங்கள். பெரிய நூலகம் வேண்டாம் என்று கழித்துக் கொடுத்தவை. முதல் பக்கம் இல்லாதவை, கடைசிப் பக்கம் இல்லாதவை. லீத்தா ஒரு கதைப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "முடிவு இல்லாட்டி என்ன, நானே முடிச்சுக்கறேன்" என்று எடுத்துப் போனாள்.

கோரா டாலிவர் வந்தாள். அவள் கணவன் ஜூலையில் மரம் அறுக்கும் மில்லில் இயந்திரத்தின் பட்டை அறுந்து அடித்துச் செத்துப்போனான். உனக்கு எழுதவில்லை. அடக்கம் முடிந்த மறுநாள் மில்காரர்கள் ஒரு பன்றித் தொடையும் ஒரு மூட்டை மாவும் கொண்டுவந்து கொடுத்து, ஒரு தாளில் கையெழுத்துக்குப் பதிலாக அவளைப் பெருக்கல் குறி போடச் சொல்லியிருக்கிறார்கள். போட்டிருக்கிறாள். அந்தத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு மேசைக்கு முன்னால் நின்றாள்.

"இதுல நான் எதுக்குச் சரின்னு சொல்லியிருக்கேன்னு தெரியணும். அதத் திருப்ப முடியுமான்னும் தெரியணும். அதுக்குப் புத்தகம் இருக்கா, கண்ணு?"

பேர்ல் நீ வைக்கச் சொன்ன தட்டைப் பார்த்தாள். அதில் பாட்டுப் புத்தகங்கள் இருக்கின்றன. "சட்டமெல்லாம் நம்மகிட்ட இல்லம்மா. ஒரு கதை எடுத்துக்கிறீங்களா?" என்றாள். அவள்மேல் குற்றமில்லை. அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

கோரா தாளை மடித்துக்கொண்டு வெளியே வந்தாள். நான் கூடவே நடந்தேன். "உங்க தங்கச்சி வராங்கன்னு சொன்னாங்களே. அவங்க இருந்தா இதப் படிச்சிருப்பாங்க. ஏன் வரல?" என்று கேட்டாள்.

"அவ வரவேணாம்னு கை தூக்கினவன் நான்தான்" என்றேன்.

தெருவிலேயே நின்றுவிட்டாள். திட்டுவாள் என்று நினைத்தேன். தாளை என் கையில் வைத்தாள். "அப்ப நீங்களே அவங்கள கேட்டுச் சொல்லுங்க. கூச்சமா இருந்தாலும் கேளுங்க. என் வீட்டுல மூணு வாய் இருக்கு" என்றாள்.

தாளை ஓர் எழுத்து விடாமல் பார்த்து எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். எனக்கு அர்த்தம் தெரியாத சொற்கள் பதினான்கு. எனக்காக ஒன்றும் கேட்கவில்லை. அவளுக்காகக் கேட்கிறேன்.

சைலஸ்


மெரிட்டன்
1914 நவம்பர் 22

அண்ணா,

இதோடு இருக்கும் ஆறு பக்கமும் கோரா அக்காவுக்கு. முதல் இரண்டு பக்கத்தில் அந்தத் தாள் என்ன சொல்கிறது என்று பேச்சு வழக்கில் எழுதியிருக்கிறேன். கணவன் சாவுக்காக மில்லிடம் இனி எதுவும் கேட்கமாட்டேன் என்றுதான் சொல்கிறது. அடுத்த மூன்று மில்லுக்கு அனுப்பவேண்டிய கடிதம். கடைசிப் பக்கத்தில் அட்லாண்டாவில் நம் வக்கீல் ஒருவரின் விலாசம். இரண்டு சனிக்கிழமை உட்கார்ந்து தேடியும் எனக்கு நிச்சயமாகத் தெரியாத இடங்களில் கோடு போட்டிருக்கிறேன். அங்கே அவர் சொல்வதைக் கேட்கட்டும். சாட்சிக் கையெழுத்து இல்லாமல் எங்கேயும் இனிமேல் குறி போடவேண்டாம் என்று சொல்.

நீதான் படித்துக் காட்டவேண்டும். வீட்டில் வைத்து வேண்டாம். நூலகத்தில் மேசைக்கு முன்னால் நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி படி. புரியாத பதினான்கு சொல்லுக்கும் ஓரத்தில் அர்த்தம் எழுதியிருக்கிறேன். இங்கே சத்தம் போடக்கூடாது என்று பேர்ல் சொல்வாள். பாதி நிலம் கொடுத்தவள் படிக்கச் சொன்னாள் என்று சொல்.

உனக்கு நான் எழுதவேண்டியது இதில் இல்லை. நான்கு தடவை எழுதினேன், நான்கு தடவையும் கிழித்தேன். இந்தத் தடவை போலவே அடுத்த தடவையும் உறையில் கோரா அக்கா பெயர்தான் இருக்கும்.

ஆர்டெல்லா